கேமரா ஆடுகிறது என்றீர்களே

நேற்று 'சிலியின் யுத்தம்' ஆவணப்படத்தின் திரையிடல் முடிந்து நடந்த பேச்சில் நீங்கள் சொன்னதற்குத்தான் இந்தப் பதில், சார். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1973-இல் சிலி அதிபர் அலெண்டேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்த கதையைச் சொல்லும் அந்தப் படம் ஒருதலைப்பட்சமாம். ராணுவத் தரப்பைக் காட்டவில்லையாம். கேமரா வேறு ஆடுகிறதாம்.

முதல் பாகத்தின் முடிவைப் பார்த்தீர்கள்தானே? தலைநகர் சாந்தியாகோ தெருவில் ஒரு ராணுவத்தான் துப்பாக்கியை நம் பக்கம் நீட்டுகிறான். சுடுகிறார்கள். காட்சி சரிகிறது. 1973 ஜூன் 29, ராணுவத்தின் ஒரு பிரிவு கலகம் செய்து தோற்ற நாள். அந்தக் காட்சியை எடுத்தவர் லியோனார்தோ ஹென்ரிக்சன், அர்ஜென்டினாக்காரர், டிவி கேமராமேன். தன்னைச் சுட்டவர்களைப் படமெடுத்தபடியே செத்தார். அந்தக் கேமரா ஆடாமல் என்ன செய்யும்?

சரி, சார்பு. படத்தின் இயக்குநர் குஸ்மான் அலெண்டேயின் ஆதரவாளர்தான், அதை அவர் மறைத்ததே இல்லை. ஆனால் 1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களிடமும் மைக்கை நீட்டுகிறாரே, அவர்கள் கோபமாகப் பேசுவது படத்தில் இருக்கிறதே! ராணுவத் தரப்பா? 1973 செப்டம்பரிலிருந்து 1990 வரை அந்த நாட்டு டிவியில் அந்தத் தரப்புதான் ஓடியது. போதாதா?

சில வருஷம் முன்னால் எங்கள் ஊரில் ஒரு மறியலைப் படமெடுத்தேன். ஒருத்தர் தோளில் கைபோட்டு, "கார்டைக் குடு தம்பி" என்றார். மிரட்டக்கூட இல்லை. நகத்தால் அழுத்தி கேமராவின் மெமரி கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வெட்கத்தோடுதான் இந்தப் படத்தைப் பார்க்கிறேன். ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம் குஸ்மானைப் பிடித்து, சிறையாக்கிய தேசிய ஸ்டேடியத்தில் அடைத்தது. படச்சுருள்களை அவர் பக்கத்து ஆட்கள் ஒளித்துவைத்து, ஸ்வீடன் தூதரகம் வழியாக நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அப்புறம் கியூபாவில் எடிட் செய்து மூன்றாம் பாகம் முடிய 1979 ஆகிவிட்டது. ஒரு சுருளைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"உணர்ச்சிவசப்படாதீங்க, சினிமாவை சினிமாவா பாருங்க" என்பீர்கள். அப்படித்தான் பார்க்கிறேன். கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒரு தொழிலாளி ஓட, கேமரா கூடவே ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த இடத்தில்தான் பின்வரிசையில் யாரோ "இழுவை" என்றார்கள், நீங்களும் சிரித்தீர்கள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. படத்தின் ஒளிப்பதிவாளர் ஹோர்கே முல்லர். 1974 நவம்பர் 29 அன்று ராணுவ ஆட்சித் தலைவர் பினோசேயின் ரகசியப் போலீஸ் அவரையும் அவர் காதலி கார்மென் புவேனோவையும் பிடித்துப் போனது. இருவரும் திரும்பவே இல்லை. அவருக்கு 27 வயது. முதல் பாகம் வெளிவந்ததே 1975-இல்தான். தான் எடுத்த படத்தை அவர் பார்க்கவே இல்லை சார்.