மூன்றாவது வயர்

போன வாரம் எங்கள் விமான சிமுலேட்டர் விளையாட்டுக் குழுவில் ஒரு தம்பி ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். ஒரே சார்ட்டியில் (ஒருமுறை கிளம்பிப் போன பறப்பில்) நான்கு எதிரி விமானங்கள் காலி. நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறார், வாழ்த்தும் சொன்னேன். "எந்த வயர்ல இறங்கினீங்க தம்பி?" என்று கேட்டேன். "எங்கண்ணே இறங்குறது, கடைசி மிசைல் அடிச்சதும் எஸ்கேப் அழுத்தி வெளிய வந்துட்டேன்" என்றார். அவர் ஓட்டியது எஃப்ஏ-18சி ஹார்னெட். விமானந்தாங்கிக் கப்பலுக்கென்றே பிறந்த விமானம். கப்பலின் மேல்தளத்தில், அதாவது டெக்கில், குறுக்கே கட்டியிருக்கும் வயர்களில் ஒன்றை விமானத்தின் வாலில் இருக்கும் ஹூக் பிடித்துத்தான் அது நிற்கும். நாங்கள் குறி வைப்பது மூன்றாவது வயருக்கு. அந்தப் பதில் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

தம்பி மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. ஹார்னெட்டை எடுத்துக்கொண்டு போய் சண்டை போட்டுவிட்டு, கப்பலுக்குத் திரும்பாமல் வெளியேறுவது, தாலி கட்டுவதற்கு முன்பே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது மாதிரி. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வந்த காரியம் அது இல்லை.

ரேடாரில் லாக் ஆகி, தூரமும் சரியாக இருந்தால், பொத்தானை அழுத்தியதும் அம்ராம் ஏவுகணை கிளம்பிவிடும். கடைசிக் கட்டத்தில் அதன் சொந்த ரேடாரே இலக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கையால் இறக்கும்போது நமக்குப் பதிலாக எதுவும் வேலை செய்யாது. 1960களில் வியட்நாம் போரில் பறந்த அமெரிக்கக் கடற்படை விமானிகளின் உடம்பில் கருவி பொருத்தி இதயத் துடிப்பை அளந்தார்கள். குண்டு போடும் நேரத்தைவிட, கப்பலிலிருந்து கிளம்பும்போதும் கப்பலில் இறங்கும்போதும்தான் துடிப்பு அதிகமாக இருந்தது. கீழே இருந்து சுடுகிறார்கள், அதைவிடக் கப்பல்தான் நெஞ்சைப் படபடக்க வைத்திருக்கிறது.

நாங்கள் ஓட்டும் டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் ஹார்னெட் 2018-ல் வந்தது, சூப்பர்கேரியர் என்ற கப்பல் தொகுப்பு 2020-ல். ஓட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கப்பலின் வலது பக்கமாக 800 அடி உயரத்தில், 350 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் வருவோம். கப்பலைத் தாண்டியதும் இடது பக்கம் கடுமையாகச் சாய்ந்து, வேகத்தைக் கொன்று, எதிர்த்திசையில் 600 அடிக்கு இறங்குவோம். சக்கரம், ஃபிளாப், ஹூக் எல்லாம் கீழே. கப்பல் இப்போது இடது பக்கம், ஒரு கடல் மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில். அதன் பின்பகுதி கண்ணில் பட்டதும் திருப்பம் தொடங்கும். பாதித் திருப்பத்தில் 450 அடி. திருப்பம் முடிந்து நேராகும்போது டெக் முன்னால் இருக்கும். அங்கிருந்து மிஞ்சுவது 15 முதல் 18 விநாடி.

நான் இந்த விளையாட்டுக்கு வருவதே அந்த 18 விநாடிக்காகத்தான்.

ஒரு நாள் ராத்திரி நான் பழகிக்கொண்டிருக்கும்போது என் மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நீங்க இறங்குறவரைக்கும் கப்பலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. கப்பல் ஓடுவதே நமக்காகத்தான். காற்றை எதிர்த்து ஓடினால், காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்து டெக்கின் மேல் 25 நாட் அளவுக்குக் காற்று கிடைக்கும். விமானம் சுமார் 135 நாட் வேகத்தில் வந்தாலும் டெக்கை நெருங்கும் வேகம் 110 தான். ஆனால் இந்த உதவிக்கு ஒரு விலை உண்டு. இறங்கும் பாதை கப்பலின் நேர்கோட்டில் இல்லை, 9 டிகிரி அளவுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கப்பல் முன்னே போகப் போக, நாம் குறி வைத்த நடுக்கோடு வலது பக்கமாக நழுவிக்கொண்டே இருக்கும். இப்போது சரியாக இருக்கிறோம் என்றால் அடுத்த விநாடி சரியாக இல்லை என்று அர்த்தம். இதைச் சொன்னதும் அவளும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அந்த விளக்கு. டெக்கின் இடது ஓரத்தில் பச்சை விளக்குகள் வரிசையாக இருக்கும், நடுவில் ஒரு மஞ்சள் ஒளிப்பந்து. மீட்பால் என்பார்கள். பந்து பச்சை வரிசைக்கு மேலே போனால் நாம் உயரம், கீழே போனால் தாழ்வு, ரொம்பத் தாழ்ந்தால் சிவப்பு. இது பிறந்தது ஒரு கண்ணாடியிலிருந்து. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நிக்கலஸ் குட்ஹார்ட் 1951-ல் ஒரு கைக்கண்ணாடியையும் லிப்ஸ்டிக்கையும் வைத்து மேசைமேல் செய்து காட்டிய யோசனை அது. அதற்கு முன்னால் டெக்கில் ஒருவர் நின்று இரண்டு கையிலும் மட்டையைப் பிடித்துக்கொண்டு சைகை காட்டுவார். இன்றைக்கும் இறக்கத்தைக் கவனிக்கும் அதிகாரிக்கு "பேடில்ஸ்" என்ற பெயர் அதனால்தான். ஒரு மேசையில் தொடங்கிய விஷயம் இன்று என் மானிட்டரில் மஞ்சளாக மினுங்குகிறது என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

புதியவர்கள் தடுமாறுவது கையில்தான். தாழ்ந்துவிட்டோம் என்றதும் மூக்கைத் தூக்கத் தோன்றும். தூக்கவே கூடாது. அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால் இழுவை கூடி இன்னும் தாழும். காற்றை எதிர்கொள்ளும் கோணம் 8.1 டிகிரியில் தானே நிற்கும்படி விமானத்தை டிரிம் செய்துவிட்டு, உயரத்தை த்ராட்டிலால் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) மட்டுமே பார்க்க வேண்டும். பந்து நகர ஆரம்பித்த பிறகு த்ராட்டிலைத் தொட்டால் தாமதம். நகரப்போகிறது என்று தோன்றும்போதே கை அசைந்திருக்க வேண்டும். கொஞ்சம் கூட்டு, பாதி எடு, மறுபடி கொஞ்சம் கூட்டு. இடது கை ஓயவே ஓயாது.

இதில் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். பழைய த்ராட்டில் ஒன்றை ஒருவரிடம் வாங்கியிருந்தேன். பந்து திடீர் திடீரென்று மேலே குதிக்கும், நான் என் கையைத்தான் நொந்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸில் அதன் அளவுகோலைத் திறந்து மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். பாதித் தூரத்தில், சரியாக இறங்குவதற்குத் தேவையான அந்த இடத்தில், அளவு துடித்துக்கொண்டிருந்தது. நான்கு திருகைக் கழற்றி, உள்ளே நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது தடவை முன்னும் பின்னும் ஆட்டினேன். துடிப்பு நின்றது. அன்று ராத்திரியே முதல் மூன்றாவது வயர். ஆகவே புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன், விஆர் (தலையில் மாட்டும் திரை) இல்லையே என்று ஏங்க வேண்டாம். வெப்கேமை வைத்தே தலையசைவைப் படிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. காசு போடுவதாக இருந்தால், நடுப்பகுதியில் வழுக்கிக்கொண்டு நகரும் ஒரு த்ராட்டிலில் போடுங்கள்.

"நிஜக் கடற்படையே இப்போது இதை எளிதாக்கிவிட்டதே, நீங்கள் ஏன் கஷ்டப்படச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். சூப்பர் ஹார்னெட்டில் மேஜிக் கார்ப்பெட் என்று ஒரு மென்பொருள் வந்து, விமானியின் வேலையைப் பெருமளவு குறைத்துவிட்டது. அவர்களுக்கு அது வரட்டும். அங்கே இருப்பது உயிர், இருட்டில் ஆடும் டெக், வீட்டில் காத்திருக்கும் குடும்பம். நமக்கு இந்தக் கஷ்டம்தான் சரக்கே. சி மாடலிலும் ஆட்டோ த்ராட்டில் உண்டு, நிஜத்தில் இருக்கும் கருவிதான், பயன்படுத்துவதில் தவறு இல்லை. முதல் ஐம்பது இறக்கத்தையாவது கையால் செய்துவிட்டு அதன் பக்கம் போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

(நம் விக்ராந்த், விக்ரமாதித்யாவைப் பற்றி கமென்டில் கேட்பீர்கள். அங்கே கிளம்புவதற்கு கேட்டபுல்ட் இல்லை, முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். இறங்குவதற்கு அங்கேயும் ஹூக்கும் வயரும்தான்.)

நான் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு வரி. "வயர் 1. கடைசி மூன்று விநாடியில் பவர் எடுத்துவிட்டேன்." "போல்ட்டர். பந்தைப் பார்க்காமல் டெக்கைப் பார்த்தேன்." "வயர் 2. நடுக்கோட்டுக்கு இடது." சக்கரம் டெக்கைத் தொட்ட அதே நொடியில் த்ராட்டிலை முழுக்க முன்னே தள்ள வேண்டும். ஹூக் வயரைப் பிடிக்காமல் போனால் மறுபடி பறந்தாக வேண்டும் இல்லையா, அதுதான் போல்ட்டர். நின்றுவிட்டோமா பறக்கப்போகிறோமா என்று தெரியாமல், இன்ஜின் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருக்கும். பிறகு உடம்பு முன்னால் போவது போலத் தோன்றும், நாற்காலி ஓர் அங்குலம்கூட அசையவில்லை என்று தெரிந்தும். எரிக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் விமானி தன் வாழ்நாளில் 2,407 தடவை கப்பலில் இறங்கியிருக்கிறார். 1945 டிசம்பர் 3 அன்று முதன்முதலில் ஒரு ஜெட்டைக் கப்பலில் இறக்கியவரும் அவரே. என் நோட்டில் நேற்றுவரை 318 வரி. அதில் மூன்றாவது வயர் 97.

ராத்திரி இறக்கம் இன்னும் எனக்கு வசப்படவில்லை. 1,200 அடியிலிருந்து நேராக வர வேண்டும். சுற்றிலும் கறுப்பு, நடுவில் சின்னதாக ஒரு விளக்குக் கோடு. நேற்று ஐந்து முயற்சியில் இரண்டு போல்ட்டர், இரண்டு வேவ்-ஆஃப் (இறங்க விடாமல் திருப்பி அனுப்புவது), ஒன்று வயர் 2.

இன்று இரவு 10 மணிக்கு சர்வரில் இருப்பேன். அந்தத் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். டேங்கர் மேலே சுற்றிக்கொண்டிருக்கும், எரிபொருளுக்குக் கவலை இல்லை. ஏர்பேஸிலிருந்தே கிளம்பும் ஹார்னெட்காரர்கள் வேறு யாராவது கப்பல் பக்கம் வருவதாக இருந்தால் ரேடியோவில் ஒரு குரல் கொடுங்கள், பந்து எங்கே இருக்கிறது என்று பக்கத்திலிருந்து சொல்கிறேன்.