தாய்ப்பால் நீர்த்திருக்கிறது என்று சொல்லாதீர்கள்

பிள்ளை பெற்ற பெண்ணின் தைரியத்தைக் குலைக்க இரண்டு வாக்கியங்கள் போதும். "உன் பால் தண்ணீராக இருக்கிறது" என்பது ஒன்று. "குழந்தைக்குப் பால் போதவில்லை" என்பது மற்றொன்று. பிரசவ வார்டில் செவிலியராக இருப்பதால் இரண்டையும் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் யாரும் வேண்டாதவர்கள் அல்லர். பெற்ற அம்மா, மாமியார், கணவர் என்று அந்தக் குழந்தைக்காக எதையும் செய்யக்கூடியவர்கள்தான் சொல்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெண்ணும் நம்பிவிடுகிறாள். அடுத்த வேளைக்கே கிண்ணத்தில் பசும்பால் வந்துவிடுகிறது.

தாய்ப்பாலைவிடப் பசும்பால் உயர்ந்தது என்று எண்ணி யாரும் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பசும்பால் வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருக்கிறது. தாய்ப்பால், அதுவும் குழந்தை குடிக்கத் தொடங்கும்போது வரும் பால், சற்றே நீலம் பாரித்து நீர்த்துத் தெரிகிறது. கெட்டியாக இருப்பதில்தான் சத்து இருக்கும் என்று கண் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பசும்பாலில் சில சத்துகள் அதிகம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 3.3 கிராம் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் 1 கிராம் அளவுதான். கால்சியம் ஏறக்குறைய 4 மடங்கு, உப்புச்சத்தான சோடியம் ஏறக்குறைய 3 மடங்கு. இதைக் கேட்டதும் "நாங்கள் சொன்னது சரிதானே" என்பவர்கள், பசு அந்தப் பாலை யாருக்காகச் சுரக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கன்று பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நிற்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகிவிடுகிறது. எலும்பும் தசையும் மளமளவென்று வளர வேண்டிய உடம்பு அது. நம் குழந்தை இரு மடங்காக ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். எழுந்து நடக்க ஒரு வருடம் ஆகும். அதற்குள் அவசரமாக வளர வேண்டியது மூளை. முதல் ஆண்டிலேயே அது ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. தாய்ப்பாலில் பால் சர்க்கரை 100 மில்லிக்கு சுமார் 7 கிராம். பசும்பாலில் 5 கிராமுக்கும் குறைவு. மூளைக்கும் பார்வைக்கும் தேவையான சில கொழுப்பு அமிலங்கள் தாய்ப்பாலில் இருக்கும் அளவுக்குப் பசும்பாலில் கிடையாது.

"தண்ணீர்ப் பாலில் குழந்தைக்கு எப்படி வயிறு நிறையும்" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இரண்டு பாலிலும் கலோரி ஏறத்தாழ சமம். 100 மில்லிக்கு 65 முதல் 70 வரை. கொழுப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியானால் பசும்பால் ஏன் அவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது? கேசீன் என்ற புரதம் அதில் மிக அதிகம். பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீன்தான். தாய்ப்பாலில் பாதிக்கும் குறைவு. நாம் சத்து என்று எண்ணி மயங்கும் வெண்மையில் பெரும்பங்கு, கன்றின் வயிற்றுக்கு ஏற்ற இந்தப் புரதத்தினுடையது.

அது நம் குழந்தையின் வயிற்றில் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தாய்ப்பால் குடித்த குழந்தை கக்கினால் மெல்லிய, பிசுபிசுப்பான, எளிதில் கலையும் துகள்கள்தான் வெளியே வரும். பசும்பால் குடித்த குழந்தை கக்கியதை ஒரு துணியில் வாங்கிப் பாருங்கள். கட்டி கட்டியாக, விரலால் அழுத்தினால் ரப்பர் போலத் தட்டுப்படும். அந்தக் கட்டிகள் கரைய வெகுநேரம் ஆகும். அதனால் குழந்தை நீண்ட நேரம் தூங்குகிறது. "பார், வயிறு நிறைந்ததும் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறது" என்று வீடே மகிழ்கிறது. செரிக்க முடியாத பாரத்தைச் சுமந்துகொண்டு கிடப்பதை நிம்மதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாயின் மார்பில் பால் சுரப்பது கேட்பதைப் பொறுத்தது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சுரக்கும். மார்பு காலியாகாமல் கட்டிக்கொண்டே கிடந்தால், இனி இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். ஒரு வேளை பசும்பால் கொடுத்தால் குழந்தை அடுத்த வேளையைத் தவறவிட்டுத் தூங்குகிறது. மார்பு இறுகிக் கிடக்கிறது. மறுநாள் சுரப்பு சற்றுக் குறைகிறது. குழந்தை அழுகிறது. "நான்தான் சொன்னேனே, பால் போதவில்லை" என்று இரண்டு வேளை பசும்பால் ஆகிறது. இரண்டு வாரத்தில் தாய்ப்பால் உண்மையாகவே குறைந்துவிடுகிறது. முதல் நாள் சொன்னது உண்மை என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அதை உண்மையாக்கியது அந்த முதல் கிண்ணம்தான் என்பது யாருக்கும் தெரிவதில்லை. பால் வற்றிப்போனது தன் குறை என்று அந்தப் பெண் ஆயுளுக்கும் எண்ணிக்கொண்டிருப்பாள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

வெளியே தெரியாமல் நடக்கும் கேடுகள் இதைவிடப் பெரியவை. அளவுக்கு மிஞ்சிய புரதத்தையும் உப்பையும் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. கழிவை வெளியேற்ற உடம்பிலுள்ள நீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் அந்தக் குழந்தையின் நீர்ச்சத்து மிக வேகமாகக் குறையும். "தண்ணீர் கலந்துதானே கொடுக்கிறோம்" என்பார்கள். தண்ணீர் கலந்தால் உப்பு குறையும்; கூடவே கலோரியும் குறையும், எடை ஏறாது. சர்க்கரை சேர்த்தால் கலோரி கிடைக்கும். இரும்புச்சத்தும் கொழுப்பு அமிலங்களும் சர்க்கரையில் எங்கே இருக்கின்றன?

இரும்புச்சத்தின் கதை தனி. இரண்டு பாலிலுமே இரும்பு குறைவுதான். ஆனால் தாய்ப்பாலில் உள்ள கொஞ்சத்தில் பாதி வரைகூடக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது; பசும்பாலில் இருந்து கிடைப்பது மிகச் சொற்பம். அதோடு, பசும்பால் சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவை உண்டாக்குகிறது. மலத்தின் நிறத்தில் ஒன்றும் தெரியாது. பரிசோதித்தால்தான் தெரியும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து, குழந்தை வெளிறி, சோர்ந்து, பசியற்றுப் போன பிறகுதான் இரத்தசோகை என்று மருத்துவர் சொல்வார். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்குக்கூட இது வரும். பசும்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்றொரு புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் அது சுரப்பதே இல்லை. குழந்தைகளுக்கு வரும் பால் ஒவ்வாமைக்கு அதுவும் கேசீனும் முக்கியக் காரணங்கள்.

இதுவரை சொன்னது சத்துக் கணக்கு. தாய்ப்பாலின் பெருமை அதோடு முடிவதில்லை. பிரசவம் ஆனதும் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிதான் இருக்கும். இவ்வளவுதானா என்று முகம் சுளிக்கிறார்கள். அந்த ஒன்றிரண்டு கரண்டியில் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் அடர்ந்திருக்கின்றன. அவை குடலின் உட்சுவரைப் பூச்சுப் போல மூடிக் காக்கின்றன. பின்னர் வரும் பாலிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. தாய்க்குச் சளி பிடித்தாலோ வயிறு கெட்டாலோ, அந்தக் கிருமிக்கு எதிராக அவள் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் பாலிலும் வந்து சேர்கிறது. ஒரே வீட்டில், ஒரே காற்றை மூச்சிழுக்கும் குழந்தைக்கு அன்றைக்குத் தேவையானது அதுதான். சாதாரணச் சளி, காய்ச்சல் என்றால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதற்காகத்தான். இன்னொரு விந்தை: தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைக் கூட்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் இருக்கின்றன. அவை குழந்தையின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கான உணவு. பசும்பாலில் இவை மிகச் சொற்பம்.

பலன் குழந்தைக்கு மட்டும் அல்ல. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கணக்குப்படி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. அதே இதழ் 2016ல் வெளியிட்ட இன்னொரு மதிப்பீடு, உலகில் ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் பாலூட்டினால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் மரணத்தைத் தடுக்கலாம் என்றது.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து அல்ல. குழந்தை பசிக்கும் அழும், ஈரத்துக்கும் அழும், தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லியும் அழும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு ஏறிக்கொண்டே போக வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது. சரியாக இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கும் முதலில் பார்க்க வேண்டியது குழந்தை மார்பைப் பிடித்திருக்கும் விதத்தைத்தான்.

பால் வரவில்லை என்று அழும் பெண்களில் பலருக்குக் குறை பாலில் இல்லை, பிடிப்பில்தான் இருக்கிறது. அண்மையில் ஒரு பெண், மூன்றாம் நாள். மார்பு கல்லாக இறுகியிருந்தது, காம்பு வெடித்திருந்தது, குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அது காம்பின் நுனியை மட்டும் கவ்விச் சப்பிக்கொண்டிருந்தது. முதலில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி மார்பை இளக்கினோம். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் பிடித்து, காம்பால் அதன் மேலுதட்டை மெல்லத் தொட்டதும் வாயை அகலத் திறந்தது. அந்த நொடியில் காம்போடு சேர்த்துக் கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகும்படி அணைத்துக் கொடுத்தோம். முகவாய் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளிப்புறமாக மடிந்தது. முதலில் வேகமாகச் சப்பியது. பிறகு நிதானமாக, இழுத்து, நிறுத்தி, விழுங்கும் சத்தம் கேட்டது. இறுக மூடியிருந்த கை மெல்ல விரிந்தது. "வலிக்கவே இல்லையே அக்கா" என்றாள் அந்தப் பெண். ஒன்றும் வராது என்று சொல்லப்பட்ட மார்பு அது.

உண்மையாகவே பாலூட்ட முடியாத தாய்மார்களும் இருக்கிறார்கள். சில மருந்துகள், சில நோய்கள், குழந்தைக்கே இருக்கும் அரிதான சில பிறவிக் குறைகள் என்று காரணங்கள் உண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கொடுமை. குறைமாதக் குழந்தை மார்பில் உறிஞ்ச முடியாவிட்டால் தாயின் பாலையே பீய்ச்சிக் கொடுக்கலாம். தாய்ப்பால் வங்கி இருக்கும் இடத்தில் பரிசோதித்த பாலைப் பெறலாம். அதற்கும் வழியில்லையென்றால் மருத்துவர் சொல்லும் பால்பவுடர், சொன்ன அளவில், கொதித்த நீரில், சுத்தமான பாத்திரத்தில். அந்தப் பவுடரில் பெரும்பாலானவை பசும்பாலிலிருந்து செய்யப்படுபவைதாம். ஆனால் புரதத்தையும் உப்பையும் குறைத்து, தாவர எண்ணெய்களையும் இரும்பையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். பசும்பாலை அப்படியே பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதே சமயம், அந்தப் பவுடரைத் தாய்ப்பாலுக்கு நிகராக விளம்பரம் செய்வதையும் என்னால் பொறுக்க முடியாது. 1939லேயே சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பச்சைக் குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டப்பாப் பாலை விற்பதைக் கொலை என்றே மேடையில் சொன்னார். இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை கொண்டுவர 1981 வரை ஆனது.

வேலைக்குப் போகும் பெண்ணிடம் போய் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதும் நியாயம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பும் வேலை நேரத்தில் பாலூட்ட இடைவேளையும் வேண்டும் என்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று அறிவுரை சொல்லும் உலகம், விடுப்பை மட்டும் ஏன் 14 வாரத்திலிருந்து எண்ணுகிறது? பீய்ச்சிய பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரமும் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரையும் கெடாது. பீய்ச்ச ஒரு மறைவான அறையும், அதற்கான நேரமும், முகம் சுளிக்காத மேலாளரும் வேண்டும். கழிப்பறையில் நின்றுகொண்டு பிள்ளைக்கான உணவை எடுக்கச் சொல்வது எந்த வகையிலும் சரியில்லை.

தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு. மருத்துவர் தரும் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுங்கள். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், பாலிலேயே 88 விழுக்காடு தண்ணீர்தான். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்கியாக வேண்டும், குறிப்பாக இரும்புச்சத்து உள்ள உணவு. அதற்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது.

பசும்பாலின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அது நல்ல உணவு. அப்போதும் நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மிஞ்சினால் பாலிலேயே வயிறு நிறைந்து, சாப்பாடு இறங்காமல் மறுபடி இரும்புச்சத்துக் குறையும். பசும்பால் தொடங்கிவிட்டது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதும் இல்லை. இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டாம் ஆண்டில் சுரக்கும் பாலிலும் சத்தும் எதிர்ப்பொருள்களும் இருக்கின்றன. "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னுமா" என்று கேட்டு அந்தத் தாயைக் கூச வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.