வென்டிலேட்டரை எடுப்பது கொலையா? ஒரு திருத்தம்

‘சும்மா இருந்து நேரும் சாவைவிட, கைபட்டு நேரும் சாவைத்தான் மக்கள் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள் என்று உளவியல் நிரூபித்துவிட்டது, ஆகவே வென்டிலேட்டரை எடுப்பது கொலைதான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி ஓரளவு சரி. அந்த ‘ஆகவே’தான் இடிக்கிறது.

1990இல் இலானா ரிடோவ், ஜொனாதன் பேரன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அதில் பங்கேற்றவர்களிடம் ஒரு கற்பனைக் கணக்கைச் சொன்னார்கள்: 10,000 குழந்தைகளில் 10 பேர் ஃப்ளூவில் இறப்பார்கள். தடுப்பூசி அதைத் தடுக்கும், ஆனால் ஊசியாலேயே சிலர் இறக்கலாம். ஊசிச் சாவு பத்தைவிடக் குறைவு என்றாலும், பங்கேற்றவர்களில் பலர் குழந்தைக்கு ஊசி போட மறுத்தார்கள். ஆய்வாளர்கள் இதை அறம் என்று சொல்லவில்லை, சிந்தனையில் விழும் கோணல் என்றுதான் சொன்னார்கள். அதைப் போய் ஆதாரமாகக் காட்டினால் எப்படி?

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ‘காமன் காஸ்’ என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்பு, மீள வழியில்லாத நோயாளிக்குச் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது, தொடங்கியதை நிறுத்துவது இரண்டையும் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது.

இந்த மாதிரி ஆய்வுகள் உதவுவது வேறு இடத்தில். ஐசியு வாசலில் நிற்கும் மகனிடம் “நீங்க சரின்னா எடுத்துடறோம்” என்றால், அப்பாவைத் தானே கொன்றதாக அவர் காலத்துக்கும் குமைவார். “இனி இது உதவாதுன்னு நாங்க நினைக்கிறோம். அப்பா என்ன விரும்பியிருப்பார்?” என்று கேட்டால் பாரம் அவர் தலையில் மட்டும் விழாது. இன்னொன்று, போட்டால் எடுக்கவே கூடாது என்று பயந்தால், சில நாள் போட்டுப் பார்க்க வேண்டிய நோயாளிக்கும் டாக்டர்கள் வென்டிலேட்டர் போடத் தயங்குவார்கள்.