குழாய் மலிவுதான், தண்ணீர் யார் கையில்?

நெல் விவசாயிகள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. பயிற்சி முகாம் நடத்தித் துண்டறிக்கை கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடுகிறது அல்லவா? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தண்ணீரும் பணமும் ஆளும் உரிய நாளில் கைக்கு எட்டாத ஒருவர் புதிய முறையை மறுக்கிறார் என்றால், பெரும்பாலும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மறுக்கிறார்.

வயலில் எப்போதும் நீரைத் தேக்கிவைக்காமல், காயவிட்டுப் பிறகு பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசன முறையை எடுத்துக்கொள்வோம். இதற்கு வேண்டிய கருவி, சுமார் 30 செ.மீ. நீளத்தில் பக்கவாட்டில் துளையிட்ட ஒரு குழாய். மூங்கில் துண்டுகூடப் போதும். அதை வயலில் பதித்து, உள்ளே அடைந்த சேற்றை அள்ளிவிட்டு, குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மீண்டும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். முறையாகச் செய்தால் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சமாகும், விளைச்சலும் பெரிதாகப் பாதிக்கப்படாது. ஆனால் மட்டம் இறங்கிய அந்த நாளில் மடையைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சொந்தமாக ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் மோட்டாரைப் போட்டுவிடுவார். கடைமடையில் முறைத் தண்ணீருக்குக் காத்திருப்பவரோ, அடுத்த முறை எப்போது வருமென்று தெரியாததால், வந்த தண்ணீரை வரப்பு கொள்ளுமளவுக்குத் தேக்கிவைக்கிறார். தேங்கிய நீர் களையையும் அடக்குகிறது என்பதால் அவருக்குக் களையெடுப்புக் கூலியும் மிச்சம். தண்ணீர்க் கட்டணத்தைப் பரப்பளவு பார்த்து வசூலிக்கும் இடங்களிலோ, எவ்வளவு சிக்கனமாகப் பாய்ச்சினாலும் விவசாயிக்கு ஒரு காசு குறைவதில்லை. மிச்சமாகும் மின்சாரமும் டீசலும் பம்புசெட் வைத்திருப்பவருக்கே இலாபம்.

1980களில் மடகாஸ்கரில் உருவான ஒற்றை நாற்று நடவு முறையின் கதை இன்னும் கசப்பானது. குறைந்த விதை, குறைந்த தண்ணீர், இளநாற்று, அகன்ற இடைவெளி என்று ஏழைகளுக்காகவே செய்தது போன்ற முறை அது. ஆனாலும் அந்த நாட்டிலேயே முயன்று பார்த்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூடுதல் உழைப்பு தேவைப்படும் அதே நாட்களில்தான் முந்தைய அறுவடையின் நெல் தீர்ந்துபோயிருக்கும். அன்றாடச் சாப்பாட்டுக்கே அவர்கள் பிறர் வயலில் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. நான்கு மாதம் கழித்து வரப்போகும் கூடுதல் விளைச்சல் அன்றைய உலையில் ஏறாது.

விதை ரகங்களிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். 1966இல் வெளிவந்த ஐஆர்8 என்ற குட்டை நெல் ரகம், உரமும் உறுதியான பாசனமும் கிடைத்த வயல்களில்தான் தன் முழுத் திறனைக் காட்டியது. இதற்கு மாறாக, 2009இல் இந்தியாவில் வெளியான ஸ்வர்ணா சப்1, ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும் ரகம். விவசாயி விதையை மாற்றினால் போதும், வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒடிசாவில் பட்டியல் சாதியினரின் நிலங்கள் வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களாக இருப்பது மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அவர்களுக்கே அது கூடுதலாகப் பயன்பட்டது. பயிர் வெள்ளத்தில் மூழ்கி அழியும் என்ற அச்சம் குறைந்ததும், அதைப் பயிரிட்டவர்கள் உரத்துக்கும் துணிந்து செலவழித்தார்கள். பழமைவாதிகள் என்று நாம் முத்திரை குத்துபவர்கள் செய்ததுதான் இது.

குத்தகை விவசாயியின் நிலை தனி. லேசர் கருவி கொண்டு வயலைச் சமன்படுத்தினால் அந்தப் பலன் பல போகங்களுக்கு நிற்கும். வாய்மொழிக் குத்தகையில், அடுத்த ஆண்டு அந்த வயல் தன்னிடம் இருக்குமா என்பதே தெரியாதவர் எதற்காக அதற்குச் செலவிட வேண்டும்? கடனுக்கும் மானியத்துக்கும் நிலப் பத்திரம் கேட்டால், பயிற்சி முகாமில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவரானாலும், அவரிடம் காட்ட எதுவும் இருக்காது.