பாலத்துக்கு முன்னாடி நாங்கள் இல்லையாம்

நேற்று ராத்திரி அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி வைத்தீர்கள், நன்றி. சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தின் படத்தைப் போட்டு, "இது வர்ற வரைக்கும் சேலம் ஒரு பெரிய கிராமம்" என்று ஒரு வரி. அதற்கு அத்தனை ஹார்ட்டின்.

சரி, கிராமம்தான். 2020இல் பாலம் திறந்த பிறகுதான் நாங்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தோம்.

ஐயா, 1860களின் தொடக்கத்திலேயே இங்கே ரயில் வந்தாயிற்று. ஸ்டேஷனை டவுனில் வைக்காமல் சில கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்தில் வைத்தார்கள். இறங்கியவனுக்கு டவுனுக்குப் போக வண்டி வேண்டும், அதுவரை டீ வேண்டும், படுக்க இடம் வேண்டும். அப்படி வளர்ந்தது எங்கள் ஏரியா. தனி நகராட்சியாக இருந்து 1994இல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது. டவுனில் இருக்கிற செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பும்போது என் அம்மா இன்றைக்கும் "சேலம் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார். இந்த இரண்டு ஊரையும் ஒட்டவைத்தது டவுன் பஸ். பாலம் இல்லை.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கெழுதினார். ராத்திரி கடைசி பஸ்ஸில்தான் திரும்புவார். அவர் தலை தெரியாவிட்டால் கண்டக்டர் விசில் கொடுக்க மாட்டார், "கணக்குப்புள்ள வரட்டும்" என்பார். ஒருநாள் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் காலை டிரைவர் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, என்ன ஆச்சு என்று ஆள் விட்டுக் கேட்டார். என் சின்ன அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்ததே அந்த பஸ்ஸில் நடந்த பேச்சில்தான். பாலத்தின் மேல் யாருக்காவது சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்களா?

வளர்ச்சிக்கு எதிரி என்பீர்கள். இல்லை. நெரிசல் குறைந்தது உண்மை. நீயும் அதில்தானே போகிறாய் என்று கேட்பீர்கள். போகிறேன், பைக்கில், தினமும். அதற்கு இப்போது என்ன? மேலே போகிறவனுக்குக் கீழே நிற்கிறவர்கள் தெரியவில்லை என்பதுதான் என் பேச்சு. ஸ்டாப்பில் நின்றவர்கள் வளர்த்த ஊர் இது. ஸ்டாப், ஸ்டேஷன், டவுன் பஸ். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இதையெல்லாம் விட்டிருப்பேன். கமெண்டில் ஒருவர், "ஓசி பஸ்ல போற கூட்டத்துக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்றாரே, அது. 2021இலிருந்துதான் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். அதற்கு முன்னால் நாற்பது வருஷம் என் அம்மா காசு கொடுத்துத்தான் போனார். இப்போதும் கண்டக்டர் கொடுக்கும் இலவசச் சீட்டைக் கசக்கிப் போடாமல் பர்ஸில் மடித்து வைக்கிறார், யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று. யார் கேட்கப் போகிறார்கள் என்று நானே சிரித்திருக்கிறேன்.

நாளைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறாராம். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "பஸ்ஸுல நாலு பேரைப் பார்க்கலாம்ப்பா" என்றார்.

அந்தப் பதிவை நான் அவரிடம் காட்டவில்லை.