டேவ் ராபர்ட்ஸை விட்டுவிட்டீர்களே!

அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2004இல் உலகத் தொடர் எனும் சாம்பியன் பட்டத்தை வென்றதைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. அந்த அணியின் ஆர்ட்டிஸ், ஷில்லிங் இருவரையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அதே அணியின் டேவ் ராபர்ட்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

உலகத் தொடருக்கு முந்தைய, நான்கு வெற்றி தேவைப்படும் தொடர் அது; எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் 3-0 என முன்னிலை. மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று வேறு நொறுக்கியிருந்தார்கள். நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் ஒரு ரன் பின்தங்கல், யாங்கீஸுக்காகப் பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா. முதல் பேஸில் (ஓட்டக்காரர் தொட வேண்டிய இடம்) நின்ற மில்லாருக்குப் பதிலாக ஓட வந்த ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடுவார், அதாவது பந்து அடிக்கப்படாமலே அங்கே ஓடிவிடுவார் என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், ரிவேராவுக்கும்தான். அவரைத் தடுக்க ரிவேரா திரும்பத் திரும்ப முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அப்படியும் ஓடிப் பேஸைத் திருடினார் ராபர்ட்ஸ்! அப்புறம் பில் மில்லர் அடித்த அடியில் அவர் ரன் எடுக்க, ஆட்டம் சமன். 12ஆவது இன்னிங்ஸில் ஆர்ட்டிஸின் ஹோம் ரன், ரெட் சாக்ஸுக்கு வெற்றி. அங்கிருந்து தொடரையே வென்றார்கள்.

அந்தத் தொடரில் ராபர்ட்ஸ் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை. பட்டத்துக்கான 86 வருடக் காத்திருப்பு முடிந்ததை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம்தான்.