12 வோல்ட் என்பதால் எல்லா பேட்டரியும் ஒன்றாகிவிடாது

"12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தான், பழைய கார் பேட்டரியையே கேம்பிங் டிரெய்லர் விளக்குக்கு மாட்டிவிடலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். விளக்கு எரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் கார் பேட்டரி, எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகள் மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி அடிவரை காலி செய்தால், சில தடவையிலேயே சார்ஜ் பிடிக்கும் திறன் சரிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்குக் கார் பேட்டரியா வைக்கிறோம்?

தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது மெதுவாக நெடுநேரம் கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது, வாங்குங்கள். அதையும் பாதிக்கு மேல் காலி செய்யாதீர்கள். எதுவும் ஓடாதபோது அளந்து 12.1 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

கணக்கு சுலபம்தான். 3 வாட் எல்இடி நான்கு போட்டால் 12 வாட், அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 1 ஆம்பியர். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் 5 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியே பத்து இரவுக்குக் காணும், தண்ணீர் பம்ப், ஃபேன் எல்லாம் அதில் தொங்காத வரை.

அப்புறம், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற லித்தியம் வகை பேட்டரி எந்தக் குளிருக்கும் தாங்கும் என்பதும் தவறு. 0 டிகிரிக்குக் கீழே விளக்கு எரிக்கலாம், சார்ஜ் ஏற்றக் கூடாது.